மணிக்கட்டு நோவும் பெயரில்லாத தூளும்: ஓர் எச்சரிக்கை

என் வலது மணிக்கட்டில் மட்டும் நெடுநாளாக இருந்துவரும் நோவுக்கு இன்னும் காரணம் கண்டறியப்படவில்லை. எக்ஸ்ரேயில் முறிவோ தேய்வோ தெரியவில்லை, உடலில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., யூரிக் அமிலம், மூட்டுவாதத்துக்காகப் பார்க்கும் வாதக் காரணி ஆகிய குருதிப் பரிசோதனைகளும் இயல்பாகவே வந்தன. தசைநாரிலும் குருத்தெலும்பிலும் ஏற்படும் சேதம் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் மேலும் பார்க்கவேண்டும் என்று கிளினிக் வைத்தியர் கூறினார். அது நேர்மையான பதில்தான். ஆனால் தேங்காய் துருவவோ கிணற்றில் வாளி இழுக்கவோ முடியாதிருப்பவர், வேறு யாராவது நோய்க்குப் பெயர் சொன்னால் அங்கே போகவே செய்வார்.

யாழ். நகரை அண்டிய வாடகை வீடொன்றில் அப்படிப் பெயர் சொல்லும் ஒருவர் இருந்தார். கணினியுடன் இணைத்த உலோகக் கோலொன்றைச் சற்றுநேரம் பிடித்திருக்கச் செய்து, ஈரல் தொடங்கி மூட்டு வரை எல்லாவற்றுக்கும் அளவு குறித்த தாள்களை அச்சிட்டுத் தந்தார். மணிக்கட்டை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒற்றை மூட்டு நீண்டகாலம் நொந்தால் வீக்கமும் சூடும் உண்டா என்று கையால் பார்ப்பதும், நீர் கோத்திருந்தால் அதனை ஊசியால் எடுத்துப் பரிசோதிப்பதும் முறை. கவுட் நோயில் மூட்டில் சேரும் யூரிக் அமிலப் படிகமோ காசநோய்க் கிருமியோ அந்த நீரில் அகப்படலாம். அந்தக் கோல் அளக்கக்கூடிய, உள்ளங்கை வியர்வைக்கு ஏற்ப மாறும் மின்கடத்தலைக் கொண்டு இவற்றில் எதனையும் அறியமுடியாது. என் ஈரலைப் பற்றி அவ்வளவு எழுதிய தாள், நொந்த கை வலதா இடதா என்று கூறவில்லை.

பின்னர் 9,500 ரூபாவுக்குத் தூள் டின்னொன்று தரப்பட்டது. அதில் உள்ளடக்கமோ தொகுதி இலக்கமோ காலாவதித் திகதியோ இல்லை. பரம்பரை மருந்தின் பெயரைச் சொன்னால் பலிக்காதாம். பற்றுச்சீட்டும் தரவில்லை. நோ விரைவிலேயே மறைந்தது; அடுத்து முகம் ஊதியது, நித்திரை கெட்டது, வெறுவயிற்றுச் சீனி அளவு உயர்ந்தது. விற்றவரிடம் கேட்டபோது, நச்சு வெளியேறுகிறது என்று விளக்கி இன்னொரு டின்னையும் நீட்டினார்.

கிளினிக் வைத்தியர் முகத்தைக் கண்டதும் உடல் தானே சுரக்கும் ஹோர்மோனான கோர்ட்டிசோலின் காலைநேர அளவைப் பார்க்கச் சொன்னார். அது மிகக் குறைவாக இருந்தது. கோர்ட்டிசோலைப் போன்று வேலைசெய்யும் ஸ்டீரொயிட் மருந்து வெளியிலிருந்து வந்தால், உடல் தன் சுரப்பைக் குறைத்துவிடும். நான் வேறு ஸ்டீரொயிட் எதுவும் பாவிக்காததால், தூளில் அது கலந்திருக்கவேண்டும் என்பதே அவருடைய கணிப்பு. ஸ்டீரொயிட் நோவை அமுக்குமே தவிர நோயைக் காட்டித்தராது. மூட்டுக்குள் கிருமி இருந்தால் அது பெருகவும் வழிசெய்யும்.

இத்தகைய தூளை இப்போது உட்கொள்பவர்கள், இதை வாசித்த வேகத்தில் சடுதியாக நிறுத்திவிட வேண்டாம். கோர்ட்டிசோலைச் சுரக்கும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் தம் வேலையை விட்டிருந்தால், வாந்தி, தலைச்சுற்று, குருதியழுத்த வீழ்ச்சி என்று உயிராபத்துவரை போகலாம். டின்னோடு வைத்தியரிடம் சென்று, அவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்கவேண்டும். எனக்கும் அப்படியே செய்யப்பட்டது.

சித்த வைத்தியத்தை நான் குறைகூறவில்லை. முறையாகப் பதிவுபெற்ற சித்த வைத்தியர் பதிவிலக்கத்தைச் சொல்லத் தயங்கமாட்டார்; தூள் விற்றவரோ அதைக் கேட்டதும் கோபித்தார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்பவருக்குப் பற்றுச்சீட்டு கொடுப்பது விற்பவரின் கடமை. அது கிடைக்காததால், வங்கியில் பணம் அனுப்பிய சிட்டையையும் மீதித் தூளையும் முறைப்பாட்டுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.