மேலக்கால் தோப்பில் 4ஜி: ரூட்டருக்குள் ஒரு மோடம் கார்டு, மாடியில் ஓர் ஆன்டெனா

சிம் போட்டு இணையம் எடுக்க ரூட்டருக்குள் செருகும் 4ஜி கார்டைப் பற்றி விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனிக் கார்டு என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. டவர் எந்தத் திசையில் இருக்கிறது, நடுவில் என்ன மறைக்கிறது, ஆன்டெனாவுக்கும் ரூட்டருக்கும் இடையே எத்தனை மீட்டர் வயர் ஓடும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால், கார்டைத் தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. 2022-இல் மாட்டிய அமைப்பு எங்கள் வீட்டில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெயில், ஆடிக் காற்று, ஐப்பசி இடி எல்லாம் பார்த்துவிட்டது. அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன்.

வீடு மதுரைக்குப் பக்கத்தில், மேலக்காலைத் தாண்டி, சோழவந்தான் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. தெற்கே நாகமலை. மலைக்கு அந்தப் பக்கம் தேனி சாலையில், பல்கலைக்கழகத்தை ஒட்டி டவர்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில் பாறை நிற்கிறது. ரேடியோ அலை மலையைத் துளைக்காது. உச்சியில் வளைந்து இறங்குவதுதான் ஒரே வழி. அப்படி வளைவதில் 850 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை ஓரளவு தேறும், 2300 திணறும், 5ஜி-க்குப் பெரும்பாலும் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் இந்தப் பக்கம் எட்டியே பார்க்காது. ஃபைபர் பிரதான சாலையோடு நின்றுவிட்டது. தோப்புக்குள் கம்பம் நட்டு இழுத்துக் கொடுக்க அவர்கள் கேட்ட தொகைக்கு ஒரு கறவை மாடு வாங்கிக் கட்டியிருக்கலாம்.

நான் வரிக் கணக்குத் தாக்கல் செய்து கொடுப்பவன். மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி தளம் திறக்காவிட்டால் வாடிக்கையாளருக்குத் தாமதக் கட்டணம், எனக்குத் திட்டு. அலைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி அந்த நாட்களை ஓட்ட முடியாது.

இனி கார்டு. பழைய மடிக்கணினிகளில் வைஃபை கார்டு உட்காருமே, அதே மினி பிசிஐஇ வடிவம். நீளம் 51 மில்லிமீட்டர், அகலம் 30. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வடிவம் ஒன்றாக இருந்தாலும் 4ஜி கார்டு பேசுவது பெரும்பாலும் அந்தச் செருகுவாயில் இருக்கும் யுஎஸ்பி இழைகள் வழியாகத்தான். வைஃபை கார்டுக்காக மட்டும் அமைத்த பல ரூட்டர் பலகைகளில் அந்த இழைகளை இணைத்திருக்க மாட்டார்கள். கார்டு அழகாக உட்காரும். ரூட்டருக்கு அது இருப்பதே தெரியாது. சிம் செருகும் இடமும் பலகையிலேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் இருந்து, ரூட்டரை நம் விருப்பப்படி இயக்க உதவும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருளும் ஏறும் என்றால் அந்தப் பலகையைத் தாராளமாக வாங்கலாம்.

கார்டின் பெயருக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தில்தான் பணம் போகும். குவெக்டெல் இபி06 என்று தேடினால் இ வகையும் வரும், ஏ வகையும் வரும். ஏ வகை அமெரிக்கக் கண்டத்துக்கானது. ஒவ்வோர் அலைவரிசைக்கும் பேண்டு என்று ஓர் எண் உண்டு. நம் ஊரில் அதிகம் புழங்கும் 1800 மெகாஹெர்ட்ஸுக்கான பேண்டு 3-உம், 2300-க்கான பேண்டு 40-உம் அதில் இல்லை. இ வகையில் 1, 3, 5, 8, 40, 41 எல்லாம் உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைப்பது ஏ வகையாக இருந்தால், அந்த மலிவுக்கு அதுதான் காரணம். ஜியோ 850, 1800, 2300-இல் 4ஜி தருகிறது; ஏர்டெல் 900, 1800, 2100, 2300; பிஎஸ்என்எல் 700, 2100. உங்கள் டவரில் எந்த அலைவரிசை ஓடுகிறது என்று பார்த்துவிட்டுக் கார்டின் பேண்டு அட்டவணையைப் பாருங்கள். நான் எடுத்தது இ வகை. கேட்டகிரி 6 என்பதால் இரண்டு அலைக்கற்றைகளைச் சேர்த்து இழுக்கும். காகிதத்தில் வினாடிக்கு 300 மெகாபிட். காகிதத்தில் என்பதை அழுத்திப் படிக்கவும்.

கார்டில் வேர்க்கடலைப் பருப்பைவிடச் சிறிய பொன்னிறப் பொத்தான்கள் இருக்கும். ஆன்டெனா வயரின் நுனியை அவற்றின் மீது செங்குத்தாக வைத்து விரலால் அழுத்த வேண்டும். ஒரு 'டிக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் நசுங்கும். இந்த வகை இணைப்பு ஏறத்தாழ 30 முறை கழற்றி மாட்டுவதற்குத்தான் உத்தரவாதம் உள்ளது; சும்மா சும்மா கழற்றிப் பார்க்கிற கை இருந்தால் கட்டிப்போடுங்கள். பெட்டிக்கு வெளியே வரும் திருகு இணைப்பிலும் ஒரு வில்லங்கம். வைஃபை ஆன்டெனாக்களில் வருவது ஆர்பி-எஸ்எம்ஏ, 4ஜி ஆன்டெனாக்களில் வருவது எஸ்எம்ஏ. இரண்டும் ஒன்றில் ஒன்று திருகி ஏறிவிடும், ஆனால் நடுவில் ஊசியும் ஊசியும் மோதும், அல்லது துளையும் துளையும் பார்த்துக்கொண்டு நிற்கும். டவுன்ஹால் ரோட்டில் கேட்டு வாங்கும்போது நடு ஊசியைக் கண்ணால் பார்த்து வாங்குவது நல்லது.

ஆன்டெனா இரண்டு வேண்டும். 4ஜி இரண்டு ஓடைகளாகத் தரவை அனுப்பும். ஒற்றை ஆன்டெனாவை மாட்டிவிட்டு மற்றப் பொத்தானைக் காலியாக விட்டால் வேகம் பாதியாகும். நான் மாட்டியது 700 முதல் 2700 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், ஒரே திசையைப் பார்க்கும் எல்பிடிஏ வகை இரண்டு. மீன் முள்ளைப் போலக் குறுக்குக் கம்பிகள் வரிசையாக இருக்கும். ஒன்றை இடப்பக்கம் 45 பாகை, மற்றதை வலப்பக்கம் 45 பாகை சாய்த்து ஒரே ஜி.ஐ. பைப்பில் கட்டியிருக்கிறேன்.

வயர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பக்கத்துத் தோப்புக்காரர் என்னைவிட விலை உயர்ந்த ஆன்டெனா வாங்கினார். ரூட்டர் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று 15 மீட்டர் ஆர்ஜி-58 வயரைக் கீழே இறக்கினார். அந்த வயர் 2300 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்குச் சுமார் 1 டெசிபல் தின்னும். 10 டெசிபல் போனால் வந்ததில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். 15 போனால் முப்பதில் ஒன்று. ஆன்டெனா சேர்த்துக் கொடுத்ததையெல்லாம் வயர் வழியிலேயே சாப்பிட்டுவிட்டது. எல்எம்ஆர்-400 போன்ற தடித்த வயரில் இழப்பு மீட்டருக்குக் கால் டெசிபலுக்கும் குறைவு, ஆனால் விலையும் விறைப்பும் அதிகம். வழி எளிது: ரூட்டரை ஆன்டெனாவுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். ஆன்டெனா வயர் ஒரு மீட்டர் போதும். அங்கிருந்து கீழே வருவது ஈதர்நெட் கேபிள்; 100 மீட்டர் வரை அதில் தரவு குறையாது, மின்சாரமும் அதே கேபிளில் மேலே ஏறும். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட கேபிளாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறக் கேபிளின் உறை மாடி வெயிலில் வெடித்துவிடும்.

மேலே கொண்டுபோனால் வெப்பம். சித்திரை, வைகாசியில் மதுரை 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடியில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் பெட்டி மாடிப்படி அறையின் வடக்குச் சுவரில் இருக்கிறது. மேலே ஒரு தென்னங்கீற்றுத் தட்டி. தோப்பில் கீற்றுக்குப் பஞ்சமா? தட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன், காற்று ஓடுவதற்கு. கீற்று மக்கினால் மாற்றிக் கட்டுவேன். சந்தையில் விற்கும் அலுமினிய மூடிகளைவிட இது குளிர்ச்சி. கேபிள் நுழையும் துளை கீழ்ப்பக்கம்தான் இருக்க வேண்டும், அதையும் சிலிகான் வைத்து அடைக்க வேண்டும். மழையைவிட எறும்புக்காக. பெட்டிக்குள் இருக்கும் வெதுவெதுப்பு எறும்புக்கும் பல்லிக்கும் மிகவும் பிடிக்கும்.

டவரைக் கண்டுபிடிக்கத் தொலைத்தொடர்புத் துறை 2017-இல் தொடங்கிய தரங் சஞ்சார் தளத்தின் வரைபடம் உதவியது. ஆனால் எதன் பக்கம் திருப்புவது என்பதை வரைபடம் சொல்லாது, கார்டு சொல்லும். அலைபேசியில் தெரியும் கோடுகளை மறந்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது டவர் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பது; மைனஸில் வரும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. எஸ்ஐஎன்ஆர் என்பது மற்ற சத்தங்களுக்கு நடுவே எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பது; இது ஏற ஏற நல்லது. ஜன்னலோரம் அலைபேசியில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 117 இருந்தது, எஸ்ஐஎன்ஆர் 1 அல்லது 2. மாடி ஆன்டெனாவில் மைனஸ் 93, எஸ்ஐஎன்ஆர் 9. வைகை ஆற்றுக்கு அக்கரையில், சோழவந்தான் பக்கம் இருக்கும் டவரை நேராகப் பார்த்தபோது வந்த கணக்கு இது. பிறகு பைப்பைக் கொஞ்சம் வடக்கே திருப்பியதும் சத்தம் மைனஸ் 95-க்கு இறங்கியது; தெளிவு 15-க்கு ஏறியது. மதுரை கொச்சடைப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு டவரின் இரைச்சல் ஆன்டெனாவின் ஓரத்துக்குப் போய்விட்டதுதான் காரணம். வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது எண்தான். ஆன்டெனா கட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, சிக்னல் குறைகிறதே அண்ணே, பழைய இடத்திலேயே விடலாமே என்றார். வேகச் சோதனையைக் காட்டிய பிறகுதான் கிளாம்பை இறுக்கினார்.

ஹாட்ஸ்பாட்டில் 2, 3 மெகாபிட் வந்த இடத்தில் இப்போது பகலில் 30 முதல் 40 வரை, விடியற்காலையில் 70-ஐத் தாண்டும். கணக்குத் தாக்கலுக்கு இது ஏராளம்.

ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றால், இல்லை. ஆடியில் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தென்னை மட்டைகள் ஆடும். எஸ்ஐஎன்ஆர் கூடவே ஆடும். மழையில் நனைந்த ஓலை 2300-ஐ நன்றாகவே விழுங்குகிறது. 1800 அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அதனால் ஆடி முதல் மார்கழி வரை கார்டை 1800-இல் பூட்டிவிடுவேன்; தையில் திறந்துவிடுவேன். காற்றில் கிளாம்பும் தளரும். அதைவிடப் பெரிய தொல்லை மயில். உயரமான பைப், அதில் குறுக்குக் கம்பிகள். மயிலுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு சேவல் மயில் உட்கார்ந்து எழுந்தால் ஆன்டெனா சோழவந்தானை விட்டு வானத்தைப் பார்க்கும். இப்போது ஆன்டெனாக்களுக்கு மேலே பைப்பை மூன்றடி நீட்டிக் குறுக்குக் கட்டை ஒன்று வைத்திருக்கிறேன். மயில் அதில் உட்கார்ந்துகொள்கிறது, எங்களுக்குள் உடன்பாடு.

ஐப்பசி, கார்த்திகை இடிக்கு ஆன்டெனா வயரில் மின்னல் தடுப்பானும், பைப்பிலிருந்து தரைக்குத் தனிச் செம்புக் கம்பியும் உண்டு. நேர் இடி விழுந்தால் இவை எதுவும் காப்பாற்றாது. தூரத்து இடியின் தூண்டு மின்சாரத்துக்குத்தான். வானம் கறுத்தால் ஈதர்நெட் கேபிளைக் கீழே கழற்றிவிடுவது வீட்டு வழக்கமாகிவிட்டது.

ஆன்டெனாவால் தீராத நோய் ஒன்று இருக்கிறது: கூட்டம். சோழவந்தான் ஜெனகை மாரியம்மன் வைகாசித் திருவிழா நாட்களில் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இரண்டும் அப்படியே இருக்கும், வேகம் மட்டும் படுத்துவிடும். ஒரே டவரை ஊரே பங்கு போட்டுக்கொண்டால் என் பங்கு சிறுத்துத்தானே ஆக வேண்டும்? ஐபிஎல் இரவுகளிலும் இதே கதை. 20-ஆம் தேதி வேலையை விடியற்காலையில் முடித்துவிடுகிறேன்.

டவர் மின்வெட்டில் அணைந்து எழுந்தால் கார்டு சில நேரம் இணைந்ததாகக் காட்டும், தரவு ஓடாது. சில நிமிடத்துக்கு ஒருமுறை வெளியுலகைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் கார்டின் மின்சாரத்தைத் துண்டித்து மீண்டும் கொடுக்கும் சிறு நிரல் ஒன்றை ரூட்டரில் போட்டபின் மாடிப்படி ஏறும் வேலை போய்விட்டது. கார்டே அடிக்கடி காணாமல் போனால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் அடாப்டரைப் பாருங்கள். அனுப்பும்போது கார்டு சட்டென்று இழுக்கும் மின்சாரத்தை மெலிந்த அடாப்டர் தாங்காது.

பம்புசெட் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலைபேசி நிறுவனங்கள் ஒரே பொது இணைய முகவரியை (ஐபிவி4) பல பேருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. வெளியிலிருந்து நம் ரூட்டரை நேராகத் தட்ட முடியாது. வாடகைக்கு எடுத்த சிறு சர்வர் ஒன்றோடு வயர்கார்டு என்ற மென்பொருளால் தனி இணைப்புச் சுரங்கம் போட்டுத்தான் பார்க்கிறேன்.

ரீசார்ஜில் ஒரு கண் வையுங்கள். ஜியோவும் ஏர்டெலும் திட்டங்களில் சொல்லும் வரம்பற்ற தரவு 5ஜி-க்கு மட்டும்தான். 4ஜி கார்டுக்கு அன்றாட அளவுதான் பொருந்தும். அது தீர்ந்தால் நத்தை வேகம். விளம்பரக் குறுஞ்செய்திகள் வேறு வந்து கார்டின் சேமிப்பை நிரப்பிவிடும். பிறகு வர வேண்டிய ஓடிபி வராது. அவ்வப்போது ரூட்டர் வழியாகவே அழித்துவிட வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரை மாட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். தவிர, அது டவரின் காதில் இரைச்சலைக் கொட்டிச் சுற்றியுள்ள எல்லோருடைய இணைப்பையும் கெடுக்கும். மோடத்தில் ஆன்டெனா மாட்டுவது வேறு. அது எதையும் பெருக்கி மறு ஒலிபரப்புச் செய்வதில்லை.

5ஜி கார்டுக்கு மாறலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. அதற்கு எம்.2 என்ற வேறு வடிவச் செருகுவாய் வேண்டும், ஆன்டெனா இரண்டுக்குப் பதில் நான்கு, வெப்பமும் கூடுதல். அக்கரை டவரில் 5ஜி வந்து, அதன் அலை ஓலையைத் தாண்டி மாடிக்கு எட்டுகிறதா என்பதை முதலில் ஓர் அலைபேசியைப் பைப்பில் கட்டிப் பார்க்க வேண்டும். அதுவரை பழைய கார்டே ஓடட்டும்.