வொஷிங்டன்காரருக்கு முழு வாக்கு: தனி மாநிலமா, மேரிலாந்தா, வேறு வழியா?

பெரியம்மாவின் மகன் பரந்தனில் பிறந்தவன். அமெரிக்கக் குடியுரிமை எடுத்து மேரிலாந்தில் சில்வர் ஸ்பிரிங் பக்கம் இருந்தான். போன வருடம் வேலைக்குக் கிட்ட என்று ஈஸ்டர்ன் அவெனியூவைக் கடந்து அங்கால் ஒரு வீட்டுக்கு மாறினான், அவ்வளவுதான். அந்தத் தெருதான் எல்லை: இங்கால் மேரிலாந்து, அங்கால் தலைநகர் வொஷிங்டன் டி.சி. முந்தி அவனுக்கு, காங்கிரஸ் என்கிற அமெரிக்கப் பாராளுமன்றத்தின் மேல்சபையான செனட்டில் இரண்டு செனட்டர்களும் கீழ்ச்சபையில் ஒரு உறுப்பினரும் இருந்தார்கள். இப்போது செனட்டில் ஒருவருமில்லை, கீழ்ச்சபையில் இருப்பவரோ பேசலாம், சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மத்திய வரி மட்டும் ஒரு சதமும் குறையவில்லை. புதுக் கார் இலக்கத்தகட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பியிருந்தான். 'பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பை நிறுத்து' என்று அரசாங்கத் தகட்டிலேயே அடித்திருக்கிறார்கள்.

இங்கே இலங்கையில் எங்களுக்கும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே வந்து, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து ஒரு சரை கச்சான் வாங்குவதற்குள் மாவட்டம் மாறிவிடும். கிளிநொச்சி வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் எண்ணப்படும், முறிகண்டி வாக்கு வன்னியில். ஆனால் எந்தப் பக்கம் வீடு கட்டினாலும் பாராளுமன்ற வாக்கு கையை விட்டுப் போகாது.

டி.சி. ஒன்றும் சின்ன இடமில்லை. 2020 கணக்கெடுப்பில் 6,89,545 பேர், வயோமிங், வெர்மாண்ட் இரண்டையும் விடக் கூட. சரி, இவர்களுக்கு என்ன வழி? ஐந்து யோசனை ஓடுகிறது. நான் எல்லாவற்றிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன்: கொடுத்ததைப் பிறகு பறிக்க ஏலுமா? வன்னியில் இருப்பவனுக்கு வேறு கேள்வி வராது. வடக்கு கிழக்கை 1988இல் ஜனாதிபதிப் பிரகடனத்தால் இணைத்தார்கள், 2006இல் உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, 2007 ஜனவரி முதலாம் திகதி இரண்டு மாகாணம்.

முதலாவது, இருக்கிற உள்ளூராட்சியையே கொஞ்சம் பெருப்பிப்பது. 1973இல் காங்கிரஸ் சட்டம் போட்டு மேயரையும் நகர சபையையும் கொடுத்தது, அதற்கு முந்தி நூறு வருடம் போல நியமன ஆணையாளர்கள்தான். கொடுத்தவன் கையிலேயே கயிறும் இருக்கிறது. 1995இல் நகரத்தில் காசு இல்லை என்றவுடன் மேலே ஒரு கட்டுப்பாட்டுச் சபையைக் கொண்டுவந்து இருத்தினார்கள். 2023இல் நகர சபை குற்றவியல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது காங்கிரஸ் அதைத் தூக்கி எறிந்தது, கையெழுத்திட்டவர் பைடன், அவரே தனி மாநிலக் கோரிக்கைக்கு ஆதரவானவர்! இதை வாசித்தபோது எனக்கு எங்கள் மாகாண சபைதான் நினைவுக்கு வந்தது. 2013 செப்டெம்பரில் வெயிலில் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம், 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அதோடு ஆளுநர் ஆட்சி. ஆகவே இந்த வழிக்கு என் வாக்கு இல்லை.

இரண்டாவது, அமெரிக்காவின் கீழ் மாநிலமாக இல்லாமல் இருக்கிற புவேர்ட்டோ ரிக்கோத் தீவைப் போல வருமான வரியை விட்டுவிடுவது. தீவில் உழைக்கும் காசுக்குப் பெரும்பாலும் மத்திய வருமான வரி கிடையாது, ஜனாதிபதித் தேர்தலில் வாக்கும் கிடையாது. கணக்கு நேராகிவிட்டது என்கிறார்கள். வாக்கு என்ன, சங்கக் கடைச் சாமானா, இல்லையென்றால் காசைத் திருப்பித் தருவதற்கு?

மூன்றாவது, டி.சி.யின் நிலத்தை ஆதியில் கொடுத்த மேரிலாந்தோடு திரும்பச் சேர்வது. இதை நான் முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன், ஆனால் முன்னுதாரணம் இருக்கிறது. பொட்டோமக் ஆற்றுக்கு மறுகரையில் இருந்த அலெக்சாந்திரியாப் பகுதியை 1840களில் வெர்ஜீனியாவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சேர்ந்த அன்றே செனட்டும் கீழ்ச்சபையும் முழுசாகக் கிடைக்கும், எவரும் பறிக்கவும் முடியாது. என் கேள்விக்கு இது தேறிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால் மேரிலாந்து ஓம் சொல்ல வேண்டும், டி.சி. சனமும் விரும்ப வேண்டும். 2016 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 85க்கு மேல் தனி மாநிலம்தான் கேட்டார்கள். கேட்காத கலியாணத்தைக் கட்டிவைக்கிற கதை.

அரசியலமைப்புத் திருத்தம் என்று இன்னொன்றும் உண்டு. 1961 திருத்தத்தால்தான் டி.சி.க்கு ஜனாதிபதித் தேர்தலில் மூன்று தேர்வாளர்கள் (மாநிலங்களின் சார்பில் ஜனாதிபதியைத் தெரிவுசெய்பவர்கள்) கிடைத்தார்கள். 1978இல் காங்கிரஸ் முழுப் பிரதிநிதித்துவத்துக்கும் ஒரு திருத்தம் நிறைவேற்றியது, 38 மாநிலத்தின் ஒப்புதல் தேவை, ஏழு வருடத்தில் வந்தது 16.

மிச்சம் தனி மாநிலம். வெள்ளை மாளிகை, காங்கிரஸ் கட்டடம் உள்ள சின்னத் துண்டை மட்டும் மத்திய பகுதியாக விட்டுவிட்டு மற்றதை 51ஆவது மாநிலமாக்கும் சட்டமூலம் கீழ்ச்சபையில் 2020இல் 232க்கு 180, 2021இல் 216க்கு 208 என்று நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. காரணம் ஒன்றும் ரகசியமில்லை, அங்கு பத்தில் ஒன்பது வாக்கு ஜனநாயகக் கட்சிக்கு, குடியரசுக் கட்சி தன் கையால் இரண்டு செனட்டர்களைக் கொடுக்குமா? ஒரு வேடிக்கையும் இருக்கிறது: 1961 திருத்தத்தை நீக்காவிட்டால் அந்தச் சின்னத் துண்டுக்கும் மூன்று தேர்வாளர்கள் மிஞ்சுவார்கள், அங்கே குடியிருப்பது ஜனாதிபதி குடும்பம்தான். சட்டமூலத்திலேயே அதை நீக்குவதற்கு வழி எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருமுறை மாநிலமாகிவிட்டால் திருப்பி எடுக்கும் சட்டம் ஒன்றும் கிடையாது. அதனால் நான் இதன் பக்கம். பெரும்பான்மை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான், மேரிலாந்து இரண்டாவது தெரிவாக இருக்கட்டும்.

இதையெல்லாம் தம்பிக்குக் குரல்பதிவாக அனுப்பினேன். 'அண்ணை, ஆறாவது வழியை விட்டிட்டீங்கள்' என்றான். வீட்டு ஒப்பந்தம் முடிந்ததும் தெருவைக் கடந்து பழைய பக்கமே போய்விடுவானாம்.