கோட்டையூர் தாண்டி ஒரு நாட்டுக்கோழிக் கடை: விலை கூடத்தான், ஆனா எதுக்குன்னு தெரிஞ்சு குடுக்கலாம்

காரைக்குடி சுத்துவட்டாரத்துல நாட்டுக்கோழின்னு போர்டு போட்ட கடைக்குப் பஞ்சமே இல்ல, ஆனா உள்ள போயி பாத்தா நெறைய எடத்துல இருக்கிறது ஒண்ணு பண்ணைக் கலப்பினம், இல்லேன்னா முட்டை விட்டு ஓஞ்சுபோன லேயர் கோழி. கலர் கலரா இறகு இருந்தாப் போதும், வர்றவங்க நம்பிருவாங்கன்னு விக்கிறவங்களுக்குத் தெரியும். கோட்டையூர் தாண்டி பள்ளத்தூர் போற வழியில ஒரு அண்ணனும் மதினியும் சேர்ந்து நடத்துற கடை அப்படி இல்ல. கொல்லையில வளக்கிறாங்க, வாசல்ல சின்னதா ஒரு தகரக் கொட்டாய் போட்டு விக்கிறாங்க.

எனக்கு மொதல்ல பிடிச்சது அவங்க மறைக்காம சொல்றதுதான். ரெண்டு அடைப்பு இருக்கு, ஒண்ணுல சிறுவிடைங்கிற அசல் நாட்டுக்கோழி, இன்னொண்ணுல வனராஜா, கிராமப்ரியாங்கிற கலப்பினம். கலப்பினத்தைக் காட்டி, "இது ஹைதராபாத்துல கவர்மெண்ட் ஆராய்ச்சி நிலையத்துல உண்டாக்கின ரகம்ப்பா, வீட்டுல வளக்கறதுக்குன்னே உண்டாக்கினது, நல்ல கோழிதான், ஆனா இதை நாட்டுக்கோழின்னு சொல்லி உங்கிட்ட காசு வாங்க மாட்டேன்"னு மதினியே சொல்லிட்டாங்க. நான் போனப்ப சிறுவிடை உயிரோட கிலோ 550, கலப்பினம் 350. பிராய்லர் விலையோட ஒப்பிட்டா ரெண்டுமே கூடத்தான்.

ஏன் இவ்வளவு கூடன்னு கேட்டா அண்ணன் கோவப்படாம உக்காந்து சொல்வாரு, ஏன்னா அவரே முன்னாடி ஒப்பந்தத்துக்கு பிராய்லர் பண்ணை வச்சிருந்தவரு. கம்பெனிக்காரங்க குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கொண்டாந்து எறக்கிருவாங்க, நாப்பது நாள்ல கோழியை ஏத்திட்டுப் போயிருவாங்க, இவருக்குக் கிலோக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி. கோழி கம்பெனியோடது, ஆனா ஷெட்டுக் கடன் இவரோடது, கரண்ட் பில்லு இவரோடது, சித்திரை வெயில்ல செத்து விழுந்த கோழியைக் குழி தோண்டிப் பொதைக்கிற வேலையும் இவரோடதுதான். விடியக்காலைல ஷெட்டுக்குள்ள போனா அம்மோனியா நெடியில கண்ணு எரிஞ்சு தண்ணியா ஊத்துமாம், மழை பேஞ்சா ஈ கெளம்பி பக்கத்து வீட்டுல சோத்துத் தட்டைத் தொறந்து வைக்க முடியாதாம். ஊர்ல சண்டை வந்து, வீட்டுல சின்னப் புள்ளைக்கு மூச்சிழுப்பு வந்து, கடைசியில விட்டுட்டாரு.

நம்ம ஊர்ல பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுறாங்கன்னு எல்லாரும் சொல்றோம்ல, அது உண்மை இல்ல. பிராய்லர் அவ்வளவு வேகமா வளர்றது இனத்தேர்வாலயும் தீவனத்தாலயும்தான். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 1957-ஆம் வருஷத்து இனத்தையும் 2005-ஆம் வருஷத்து இனத்தையும் ஒரே தீவனம் போட்டு 56 நாள் வளத்துப் பாத்தாங்க, பழசு சுமாரா 900 கிராம், புதுசு 4.2 கிலோ. அந்த ஒடம்பை அந்தக் காலும் நெஞ்சும் தாங்கணும், தாங்காமத்தான் நெறைய கோழி நொண்டுது, நெஞ்சடைச்சுச் சாகுது. ஹார்மோன்னு இல்லாத ஒண்ணைப் பேசிப் பேசி, இருக்கிற பிரச்சினையை நாம கேக்காமலே விட்டுட்டோம்ங்கிறதுதான் என் வருத்தம்.

இருக்கிற பிரச்சினை ஆன்டிபயாட்டிக். ஆயிரக்கணக்குல நெருக்கி அடைச்சு வச்சா நோய் ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவத்தான் செய்யும், அதனால நோய் வர்றதுக்கு முன்னாடியே தண்ணியிலயோ தீவனத்துலயோ மருந்தைக் கலந்துர்றாங்க, எடை கூடும்ங்கிறதுக்காகவும் கலந்தாங்க. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா மருந்து பட்டா அதுக்குச் சாகாத கிருமிதான் மிஞ்சும், அது கறி மூலமாவும் எரு மூலமாவும் தண்ணி மூலமாவும் நம்மகிட்ட வரும், அப்பறம் ஆஸ்பத்திரியில நமக்கு அதே வகை மருந்தைக் குடுத்தா கேக்காது. கொலிஸ்டின்னு ஒரு மருந்து, வேற எதுவுமே கேக்காதப்ப ஐசியூல டாக்டர்கள் கடைசியா எடுக்கிறது, அதையே கோழிக்குப் போட்டுட்டு இருந்தாங்க, 2019-ல தான் இந்தியாவுல கறிக்கும் முட்டைக்கும் வளக்கிற பிராணிகளுக்குக் குடுக்கக்கூடாதுன்னு தடை வந்துச்சு. வளர்ச்சிக்காக ஆன்டிபயாட்டிக் போடுறதை ஐரோப்பிய யூனியன்ல 2006-லயே நிறுத்திட்டாங்க. நோயில்லாத பிராணிக்கு இதைக் குடுக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனமும் 2017-ல சொல்லிருச்சு.

இந்தக் கடையில மருந்தே கிடையாது, எல்லாம் மூலிகைதான்னு கதை விடல. வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்க லசோட்டாங்கிற தடுப்புச் சொட்டு மருந்து விடுறாங்க, அதோட கீழாநெல்லி சீரகம் அரைச்சுக் குடுக்கிறாங்க, கோழி நெசமாவே சீக்கா விழுந்தா டாக்டரைக் கேட்டு ஆன்டிபயாட்டிக்கும் குடுக்கிறாங்க. தகரக் கொட்டாய் கம்பியில ஒரு நீள நோட்டு சணல்ல தொங்குது, ஓரமெல்லாம் மஞ்சக் கறை, அதுல தேதி, எந்தக் கோழிக்கு என்ன மருந்து, எத்தனை நாள், மருந்து ஒடம்பை விட்டுப் போறதுக்காக எந்தத் தேதி வரைக்கும் விக்கக்கூடாதுன்னு எல்லாம் எழுதியிருக்கு, கடைசித் தேதி மட்டும் செவப்பு மையில. மருந்து குடுத்த கோழி கால்ல நீல நூல் கட்டியிருக்காங்க. ஒரு ஆச்சி விடாப்பிடியா நூல் கட்டின வெடக்கோழிதான் வேணும்னு நின்னாங்க, அண்ணன் முடியவே முடியாதுன்னு சொல்லி, "அடுத்த வாரம் வாங்க ஆச்சி, இதையே எடுத்து வைக்கிறேன்"னு அனுப்பிட்டாரு. அந்த ஒரு காரியத்துக்கே நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

குஞ்சுக்குக் கரையான் வைக்கிறதையும் நேர்ல பாத்தேன். ஒடஞ்ச பானைக்குள்ள சாணி, வைக்கோல், கிழிஞ்ச சாக்கு எல்லாத்தையும் நனைச்சுத் திணிச்சு சாயங்காலம் செம்மண்ணுல கவுத்து வச்சுட்டா காலைல உள்ள கரையான் அப்பிக் கெடக்கும், பானையைத் தூக்கின ஒடனே குஞ்சுக அடிச்சுப்பிடிச்சுக்கிட்டு வருது. எங்க அப்பத்தா காலத்துல எல்லா வீட்டுக் கொல்லையிலயும் நடந்ததுதான் இது.

எருவைப் பத்தியும் சொல்லணும். அம்பது கோழி கொல்லையில மேஞ்சா அதோட எச்சம் கத்திரிக்கும் முருங்கைக்கும் ஒரம். அஞ்சாயிரம் கோழி ஒரே எடத்துல நின்னா அவ்வளவு எருவை அந்த மண்ணு இழுக்காது, மழையில கரைஞ்சு நைட்ரேட்ங்கிற உப்பா நெலத்தடித் தண்ணிக்குப் போகும். நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, காய்ச்சினாலும் போகாது. குடிதண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாதுன்னு நம்ம நாட்டுத் தர அளவு, மீறினா கைக்குழந்தைங்க ரத்தத்துல ஆக்சிஜன் கொறஞ்சு ஒடம்பு நீலம் பாயும். வயலுக்கு யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான். வருஷம் பூரா தண்ணி ஓடுற ஆறு இல்லாத சீமை இது, கண்மாயும் ஊரணியும் கெணறும்தான் நமக்கு, அதைக் கெடுத்துட்டு எங்க போறது.

நான் போனப்ப முட்டை ஒண்ணு 15 ரூபா. நாமக்கல் முட்டை விலைக்கு இது ரொம்பக் கூட. ஆனா அந்த முட்டைக் கோழிக் கூண்டுகள்ல ரொம்ப வருஷமா ஒரு கோழிக்கு 450 சதுர சென்டிமீட்டர்னுதான் கணக்கு வச்சிருந்தாங்க, ஒரு ஏ4 பேப்பரே 620-க்கு மேல வருது, றெக்கையை விரிக்கவே எடமில்ல. அதே நேரம் சத்துணவுல புள்ளைங்களுக்குத் தெனமும் ஒரு முட்டை கெடைக்குதுன்னா அந்த மலிவு முட்டையாலதான், அதை நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். கூண்டைப் பெருசாக்கு, மருந்தைக் கொறைன்னு கேக்கிறதுக்கு நமக்கு உரிமை இருக்கு.

கறி எப்படின்னா, மஞ்சள் தடவி வாட்டித்தான் தர்றாங்க, அந்த மணமே தனி. சின்ன வெங்காயம், மொளகு, சோம்பு, கல்பாசி அரைச்சு நல்லெண்ணெயில வதக்கி வச்ச கொழம்புல எலும்பு கடிக்கக் கடிக்கச் சாறு எறங்குச்சு. வேக நேரமாகும், குக்கர்ல ஏழு எட்டு விசில் விடுங்க. பிராய்லர் மாதிரி மெத்துன்னு எதிர்பாக்குறவங்களுக்குப் பிடிக்காது.

கொறையும் இருக்கு. மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு வெளிய இருந்து வாங்கிக் கொஞ்சம் போடுறாங்க, அது எந்த வயல்ல எந்த மருந்தடிச்சு வெளஞ்சதுன்னு அவங்களுக்கே தெரியல. கறியைப் பிளாஸ்டிக் பையில போட்டுத் தர்றாங்க, சொன்னா சரிங்கிறாங்க, மாத்தல. கையில காசு கம்மியா இருக்கிறவங்களுக்கு மாசத்துல ஒரு தடவைக்கு மேல கட்டுபடியாகாது, எங்க வீட்டுலயும் வாராவாரம் எடுத்ததை நிறுத்திட்டு மாசம் ஒண்ணுன்னு வச்சுக்கிட்டோம்.

ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்கு மேல போனா சிறுவிடை தீந்துரும், மொத நாளே போன் பண்ணிச் சொல்லிருங்க. தூக்குவாளி கொண்டு போங்க. ரசம் வைக்கக் காலு வேணும்னா அறுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லணும், இல்லேன்னா மதினி வேற ஆளுக்கு எடுத்து வச்சுருவாங்க.