முட்டைக்காக வாங்கிய சுண்ணாம்புத் தூள்: நான்கு மாத அனுபவம்

எங்கள் ஊர் நாட்டு மருந்துக் கடையில் ஒரு கிலோ நீற்றிய சுண்ணாம்புத் தூள் வாங்கினேன். வெற்றிலைக்காக அல்ல, குளிர்சாதனப் பெட்டியின்றி முட்டையைப் பாதுகாக்க. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 28 கிராம் என்ற கணக்கில் கரைத்து, கழுவாத, விரிசலற்ற நாட்டுக்கோழி முட்டைகள் முப்பதைப் பீங்கான் சாடியில் அடுக்கி, அவை முழுதும் மூழ்கும்வரை ஊற்றி, மாடிப்படியின் அடியில் வைத்தேன்.

தூளின் பெரும்பகுதி அடியில் தங்குவதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஒரு லிட்டர் நீரில் சுண்ணாம்பு இரண்டு கிராம்கூடக் கரையாது, எஞ்சியது இருப்பாக நின்று கரைசலின் காரத்தைக் காக்கிறது. சில நாட்களில் நீரின் மேல் பாலாடை போன்ற மெல்லிய படலம் படர்ந்தது. கரியமில வாயுவுடன் வினைபுரிந்து உருவாகும் கால்சியம் கார்பனேட் அது.

உண்மையான குறை வேறு. பொட்டலத்தில் மணலும் சிறு கற்களும் கலந்திருந்ததால் இருமுறை சலிக்க நேர்ந்தது. உணவுக்கு உகந்த தரம் என்ற குறிப்பும் இல்லை. கையுறை அணியாமல் தொட்டதில் விரல்நுனிகள் வறண்டு எரிந்தன (அது என் அலட்சியம்).

நான்காம் மாதம் உடைத்த முட்டையில் மஞ்சள்கரு உருண்டையாகவே நின்றது. வெள்ளைக்கரு மட்டும் நீர்த்திருந்ததால் ஆம்லெட்டுக்குப் பொருந்தியதே தவிர, கேக்குக்கு நுரைத்து எழவில்லை. சுண்ணாம்பு கிருமிகளைக் கொல்லும் என்று நம்பி அரைவேக்காடாக உண்ணக் கூடாது. ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டிருப்பதால், அவிக்கும் முன் ஊசியால் துளையிடுவது அவசியம். நான் மறந்த ஒன்று பாத்திரத்திலேயே வெடித்தது.