மணியோடு கூடாரம்: ஆற்றங்கரையா, டோரன் கடற்கரையா?

எங்கள் வீட்டு நாயின் பெயர் மணி. காப்பகத்திலிருந்து எடுத்து வந்த லேப்ரடார் கலப்பு. கால்நடை மருத்துவமனையில் அவனை 'மனி' என்று கூப்பிடுகிறார்கள். பில்லைப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. வருடம் முழுக்க ஃப்ரீமான்ட்டில் ஓர் அபார்ட்மென்ட்டில் அடைந்து கிடப்பவனுக்காகவே கோடையில் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோம். நான்கு கோடைகளாகப் போவது ஒரே வட்டாரம்தான்: கலிஃபோர்னியாவின் சொனோமா கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி), ரஷ்யன் ரிவர் என்ற ஆறு கடலில் சேரும் பகுதி. முதல் இரண்டு கோடையும் ஆற்றங்கரையில் ஒரு தனியார் முகாம். அடுத்த இரண்டும் பொடேகா பேயில் கவுண்டி நடத்தும் டோரன் பூங்கா. இந்த வருடமும் டோரனுக்குத்தான் பதிவு செய்திருக்கிறேன். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

மாநிலப் பூங்காக்களையும் கணக்கில் சேர்க்கலாமே என்று கேட்பீர்கள். முகாமுக்குள் நாயை விடுவார்கள், நடைபாதைகளில் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் ரெட்வுட் காட்டில் தார்ச்சாலையையும் பிக்னிக் இடங்களையும் தாண்டி நாய் கால் வைக்கக்கூடாது. ஆறு கடலில் விழும் கோட் ராக் கரையில் கடல்நாய்கள் குட்டி போட்டுப் படுத்திருக்கும். கடல்நாய்க்காக வீட்டு நாய்க்குத் தடை. சால்மன் கிரீக் கடற்கரையில் ஸ்னோயி ப்ளோவர் என்ற சின்ன உப்புக்கொத்தி மணலிலேயே முட்டையிடும் என்பதால் அந்தப் பகுதியிலும் நாய்க்கு இடமில்லை. எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் நாயோடு போய்விட்டு அதைக் கூடாரத்து வாசலிலேயே கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பதற்கு, வீட்டிலேயே இருந்துவிடலாம்.

சரி, ஆற்றங்கரை. அதன் நல்லதுகள் பார்த்தவுடனே தெரியும். கோடையில் பொடேகா பேயில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கும் அதே மதியத்தில், அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் தொலைவில், ஆற்றோரம் இருக்கும் குவர்ன்வில் ஊர்ப் பக்கம் வெயில் 30 பாகையைத் தாண்டி அடிக்கும். ரெட்வுட் நிழல், புல்தரை, விறகும் ஐஸும் விற்கிற சின்னக் கடை, ஓடி விளையாட மற்ற வீட்டுப் பிள்ளைகள். தண்ணீர் மெதுவாக ஓடும். லேப்ரடாருக்கு அது சொர்க்கம். முதல் கோடையில் மணியைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுப்பதே எங்களுக்கு முழுநேர வேலையாக இருந்தது.

மேட்டுப் பக்கம் உண்ணியும் உண்டு, ஃபாக்ஸ்டெய்ல் என்ற புல்லும் உண்டு. ஊரில் நாயுருவி வேட்டியில் ஒட்டினால் பிடுங்கி எறிந்துவிடுவோம். இந்தப் புல்லின் விதை அப்படியில்லை. முள் ஒரு பக்கமாகவே சாய்ந்திருப்பதால் விரலிடுக்கிலோ காதிலோ மூக்கிலோ நுழைந்தால் முன்னோக்கித்தான் போகும், திரும்பி வராது. தினமும் மாலை டார்ச்சோடு உட்கார்ந்து பாதம் பாதமாகப் பார்க்க வேண்டும். இதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம்.

பொறுக்க முடியாமல் போனது தண்ணீர்தான். கோடைக் கடைசியில் ஆற்றில் நீர்வரத்து குறைந்துவிடும். ஜென்னர் பக்கம் முகத்துவாரத்தை மணல்திட்டு அவ்வப்போது அடைத்துவிட, கடைசிப் பகுதியில் தண்ணீர் தேங்கியும் நிற்கும். ஓட்டம் குறைந்து வெயிலில் சூடேறும் ஆற்றில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் பாசிபோலப் படரும். ஏரியில் என்றால் தண்ணீரே பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஆகிவிடும், பார்த்ததும் விலகிவிடலாம். இந்த ஆற்றில் அது அடியில் கல்லோடு கல்லாகப் பாய்போல வளர்கிறது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். பாய் பிய்ந்து மிதந்து வந்து கரையோரம் ஒதுங்கும். மனிதர் யாரும் அதைத் தொடப்போவதில்லை; நாய்க்கோ அந்த நாற்றம்தான் அழைப்பு. சில வகைகளில் அனாடாக்சின் என்ற நரம்பு விஷம் இருக்கும். தின்ற சில நிமிடங்களிலேயே எச்சில் ஒழுகி, கால் தடுமாறி, வலிப்பு வந்து, மூச்சு நின்றுவிடலாம். விஷமுறிவு மருந்து கிடையாது. 2015 ஆகஸ்ட் கடைசியில் இதே ஆற்றில் நீந்திய ஒரு நாய் இப்படித்தான் செத்துப்போனது. அதன் பிறகு கவுண்டி கரையில் எச்சரிக்கைப் பலகைகள் வைத்தது.

இரண்டாவது கோடை, ஆகஸ்ட் மாதக் காலை. "அப்பா, மணி எதையோ திங்கறான்!" என்று மகள் கத்தினாள். ஓடிப்போய் வாயைப் பிளந்து விரலை விட்டேன். நனைந்த கோணி போல ஏதோ கரும்பச்சையாக வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு சான்டா ரோசாவில் கால்நடை மருத்துவரிடம் பறந்தோம், சுமார் 40 நிமிடம். வழியெல்லாம் என் மனைவி பின்சீட்டில் அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் பாசியாகவே இருந்திருக்கலாம். முகாமுக்குத் திரும்பி, எச்சரிக்கை ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டால், அலுவலகத்தில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார்கள். ஆற்றோரத்தில் எதுவுமில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு துறையில் தண்ணீரைச் சோதித்துச் சரி என்றால், அடுத்த வளைவில் ஒதுங்கியிருக்கும் பாய்க்கு அது பொருந்தாது. கண்ணால் பார்த்து ஒதுங்க முடியாத ஆபத்துக்குப் பக்கத்தில், எதையும் வாயில் போட்டுப் பார்க்கிற ஒருவனோடு தங்குவது எனக்கு ஒத்துவரவில்லை.

டோரனில் கூடாரம் போடுவது மணல்திட்டின் மேல். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் சுமார் 2 மைல் நீளத்துக்குக் கடற்கரை. சொனோமாக் கரையின் மற்ற இடங்களில் திடீரென்று உயர்ந்து வந்து ஆளையே இழுத்துப்போகும் அலைகள் உண்டு. டோரன் குடாவுக்குள் தெற்குப் பார்த்து ஒதுங்கியிருப்பதால் அலை அடங்கியே வரும். கூடாரத்திலிருந்து எழுந்து நடந்தால் மணல். நாயும் கூட வரலாம், 6 அடிக்கு மேல் போகாத கயிற்றில். இரவு தங்கும் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். போனிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு மூடுபனியில் ஆள் தெரியாத கடற்கரையில் அவனோடு நடப்பதற்காகவே இரண்டரை மணி நேரம் வண்டி ஓட்டலாம்.

பராமரிப்பு வேலை இங்கேயும் உண்டு, வேறு மாதிரி. உப்புநீர் காய்ந்தால் தோல் அரிக்கும். கேனில் நல்ல தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் வயிறும் காலும் அலசிவிடுகிறோம். கடல்நீரைக் குடித்தால் வயிற்றுப்போக்கு நிச்சயம். கூடாரத்துக்குள் அது என்ன கதி என்று விவரிக்கப் போவதில்லை. செத்த நண்டைக் கண்டால் உருளுவான். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள், பக்கெட்டோடு முடிந்துவிடும். காற்றுதான் உண்மையான குறை. மதியத்துக்கு மேல் அடுப்பு பற்றாது, சமைத்த சாம்பாரில் மணல் தாளிதம் சேரும். கூடாரத்து முளைகளை நீளமானதாக வாங்குங்கள், சாதாரண முளை மணலில் நிற்காது.

ஆற்றங்கரையில் நான் தங்கியதெல்லாம் ஜூலைக்குப் பிறகுதான். வசந்தத்தில் ஆறு குளிர்ந்து வேகமாக ஓடும்போது பாசித் தொல்லை குறைவு என்று அடிக்கடி போகிறவர்கள் சொல்கிறார்கள். அப்போது இழுப்பு அதிகம் என்பதையும் அவர்களே சொல்கிறார்கள்.

டோரன் எல்லா நாய்க்கும் ஒத்துவராது என்பதையும் போன வருடம் பார்த்தோம். நண்பர் ஒருவர் தன் கிரேஹவுண்டைக் கூட்டி வந்திருந்தார். சிப்பிப்பாறை மாதிரி எலும்பும் தோலுமான ஜாதி. இரண்டு கோட்டு போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. ராத்திரி முழுக்க அது அவருடைய தூக்கப்பைக்குள் படுத்திருக்க, அவர் காரில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டு விடிய விடிய விழித்திருந்தார். இந்த வருடம் அவர் ஆற்றங்கரைக்குப் போகிறார். ஜூன் முதல் வாரத்தில், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு.