ஜூன் 23 ராத்திரி எங்க போறது: கெர்னவேயா, ராம்பினாஸா, இல்ல பேசாம லாட்வியாவா?

லிதுவேனியாவுக்கு புதுசா வந்தவங்க ஜூன் பொறந்ததும் கேக்கற முதல் கேள்வி, யோனினேஸ் திருவிழாவுக்கு எங்க போறதுன்னுதான். பேரை தமிழ்ல வாசிச்சுட்டு சிரிக்காதீங்க, அது இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவான். இங்க யோவானுக்கு யோனாஸ்னு பேரு, அவர் திருநாள் ஜூன் 24, அதனால யோனினேஸ். 2003ல இருந்து அரசு விடுமுறை வேற. ஆனா கூத்தெல்லாம் 23 ராத்திரியே முடிஞ்சுரும், 24 தூங்கறதுக்கு.

பேர்லயே ஒரு சண்டை இருக்கு, அதை தெரிஞ்சுக்கிட்டாதான் இடம் தேர்ந்தெடுக்க முடியும். காலண்டர்லயும் சர்ச்லயும் யோனினேஸ். கிறிஸ்தவத்துக்கு முந்தின பழைய வழிபாட்டுக்காரங்க கிட்ட போய் அப்படி சொன்னா மூஞ்சி சுளிப்பாங்க, அவங்களுக்கு இது ராசோஸ், அதாவது பனித்துளிகள். ராசாங்கற லிதுவேனிய சொல்லும் சமஸ்கிருத ரஸமும் ஒரே வேர், அந்த ரஸத்துல இருந்து வந்ததுதான் நம்ம தட்டுல ஊத்தற ரசம். நெருப்புக்கு இங்க உக்னிஸ், அக்னியோட சொந்தக்காரன். இதை லிதுவேனியக்காரங்க கிட்ட சொன்னீங்கன்னா உங்களுக்கு அன்னிக்கு பீர் செலவு இல்ல.

சரி, முதல்ல கெர்னவே. தலைநகர் வில்னியஸ்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர், நெரிஸ் ஆத்தங்கரையில அஞ்சு மண்கோட்டை மேடு, 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்த இடம். 1967ல சோவியத் ஆட்சி நடக்கும்போதே பழைய வழிபாட்டை மீட்கப் பாத்த யோனாஸ் டிரின்கூனாஸும் அவர் கூட இருந்தவங்களும் இங்க வந்து நெருப்பு மூட்டி ராசோஸ் கொண்டாடினாங்க. நாட்டுப்புறப் பாட்டுன்னு வெளிய சொல்லிக்கலாம், உள்ள இருந்தது வேற, அது ஆட்சிக்கும் புரிஞ்சுதான் இருந்துச்சு, அதனால அவருக்கு பின்னாடி நிறைய தொல்லை. அந்த கூட்டம்தான் பின்னாடி ரொமுவாங்கற மத அமைப்பா வளந்துச்சு. அரசு அங்கீகாரத்துக்கு வருஷக்கணக்கா நடந்து, 2021ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போய் ஜெயிச்சு, 2024 டிசம்பர்லதான் நாடாளுமன்றம் தலையாட்டுச்சு. 1387ல ஞானஸ்நானம் வாங்கின நாடு, ஐரோப்பாவுலயே கடைசியா மதம் மாறின அரசு, அதுல பழைய நெருப்பை மறுபடி ஏத்தறதுக்கு இவ்வளவு பாடு.

அதனால கெர்னவேல பாக்கறது வெறும் திருவிழா இல்ல, நடத்தறவங்க நிஜமா நம்பறாங்க. சாயங்காலம் பொண்ணுங்க மூலிகை பறிப்பாங்க, இந்த ராத்திரிக்கு முன்னாடி பறிச்சாதான் மருந்துக்கு சக்தி, அப்புறம் பறிச்சா வெறும் புல்லுன்னு பேச்சு. ஒம்பது வகை பூவை தலையணைக்கு கீழ வெச்சு படுத்தா கட்டிக்கப்போறவன் கனவுல வருவான். கூப்போலேன்னு மூணு கிளையா பிரியற கம்பு ஒண்ணை பூவால அலங்கரிச்சு நட்டிருப்பாங்க, அதுக்கு முதுகை காட்டி நின்னு மலர்வளையத்தை பின்னால வீசணும், எத்தனாவது தடவை மாட்டுதோ அத்தனை வருஷத்துல கல்யாணம். சுத்தி நிக்கறவங்க எல்லாம் சத்தமா எண்ணுவாங்க, வீசற பொண்ணு பாவம். அப்புறம் வளையத்துல மெழுகுவர்த்தி ஏத்தி ஆத்துல விடுவாங்க, ரெண்டு வளையம் ஒட்டிக்கிட்டா ஜோடி சேந்தாச்சு. நெருப்பை ஜோடியா கைகோத்து தாண்டணும், கை விட்டுட்டா அவ்வளவுதான்.

சூனியக்காரி விஷயத்தை விட்டுட்டேன் பாருங்க. இங்க அவளுக்கு ராகனா. இந்த ராத்திரி அவ பக்கத்து வீட்டு மேய்ச்சல் நிலத்துல துணியை இழுத்துக்கிட்டே போய் பனித்துளியை நனைச்சு எடுத்துட்டு போயிருவாளாம், அந்த வீட்டு மாட்டோட பால் எல்லாம் அவ வீட்டு மாட்டுக்கு போயிருமாம். அதனால மாட்டை சீக்கிரமே தொழுவத்துல அடைச்சு வாசல்ல மூலிகை சொருகி வெப்பாங்க. அதே பனித்துளியில விடியக்காலை மூஞ்சி கழுவினா அழகு கூடும். ஒரே துளி, யார் கையில இருக்குங்கறதுதான் விஷயம். இந்த நம்பிக்கை எனக்கு ரொம்ப பிடிக்கும், பால் மாடு வெச்சிருக்கிற ஊர் எதுவா இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரி மேல ஒரு சந்தேகம் இருக்கும் போல.

கெர்னவேல குறைன்னா கூட்டம், அப்புறம் நீங்க பார்வையாளர். அவங்க பாடுவாங்க, நீங்க நிப்பீங்க. சுதார்த்தினேஸ்ங்கற பலகுரல் பாட்டு காதுல விழுந்தா விடாதீங்க, ரெண்டு குரல் வேணும்னே உரசிக்கிட்டு போகும், 2010ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, முதல்ல கேக்கும்போது சுருதி தப்புதுன்னு நினைப்பீங்க.

ராம்பினாஸ் வேற மாதிரி. நாட்டோட மேற்கு ஓரம், பகேகேய் பக்கம், நேமுனாஸ் ஆத்துக்கு மேல ஒரு குன்று, எதிர்கரை ரஷ்யாவோட கலினின்கிராத். இங்க ஜெர்மன் ஆட்சி இருந்தப்ப லிதுவேனிய மொழி பேசறவங்க கூடி பாடறதுக்கு இந்த மேடுதான் இடம். அச்சுக்காரர் மார்ட்டினாஸ் யான்கூஸ் பக்கத்துல பிதேனாய்லதான் இருந்தாரு, ரஷ்யப் பேரரசுல 1864ல இருந்து 1904 வரைக்கும் லத்தீன் எழுத்துல லிதுவேனியம் அச்சடிக்க தடை, அந்த காலத்துல இந்தப் பக்கம் அச்சடிச்சு அந்தப் பக்கம் கடத்தின ஆளுங்கள்ல அவரும் ஒருத்தர். பகவத் கீதையை லிதுவேனியத்துல பெயர்த்த தத்துவவாதி விதூனாஸோட பாடகர் குழுவும் இந்த குன்றுல பாடியிருக்கு, அவர் சமாதியும் பிதேனாய்ல இருக்கு. வரலாறு பிடிச்சவங்களுக்கு சொர்க்கம், முதல் தடவை வர்றவங்களுக்கு ரொம்ப தூரம். ரெண்டாவது வருஷம் போங்க.

இப்ப பக்கத்து நாடு லாட்வியா. இங்கதான் கெர்னவேக்கு நிஜ போட்டி. 23 லீகோ, 24 யானி, ரெண்டு நாளும் விடுமுறை, தலைநகர் ரீகா காலியாயிரும், எல்லாரும் கிராமத்துக்கு போயிருவாங்க. லிதுவேனியால சடங்கு தெரிஞ்சவங்க நடத்தறதை மத்தவங்க பாக்கறாங்க, லாட்வியால ஒவ்வொரு வீடும் தானே நடத்துது. வீட்டுக்காரம்மா சீரகம் மாதிரி இருக்கற காரவே விதை போட்ட வட்ட சீஸ் செஞ்சு வெப்பாங்க, சூரியன் மாதிரி மஞ்சளா இருக்கும், வீட்டுக்காரர் பீர் ஊத்துவாரு. ஆம்பளைங்க தலையில ஓக் இலை கிரீடம், பொம்பளைங்களுக்கு பூ. காருக்கு கூட பிர்ச் கிளை கட்டி ஓட்டறாங்க. விருந்தாளியும் வீட்டுக்காரங்களும் மாறி மாறி பாட்டுலயே வம்பிழுப்பாங்க, சீஸ் சின்னதா இருக்கு, வேலி சாஞ்சு கிடக்குன்னு, ஒவ்வொரு வரிக்கும் முடிவுல லீகோ லீகோ. விடியற வரைக்கும் தூங்கக்கூடாது, தூங்கினா கோடை முழுக்க தூங்கிவழிவீங்களாம். சோவியத் காலத்துல 1959க்கு அப்புறம் இதையும் அமுக்கப் பாத்தாங்க, வீட்டுக்குள்ள நடக்கறதை எப்படி அமுக்கறது? அப்புறம் குல்திகான்னு ஒரு ஊர்ல விடியக்காலை மூணு மணிக்கு 1874ல கட்டின செங்கல் பாலத்து மேல அம்மணமா ஓடற கூட்டம் ஒண்ணு உண்டு, அது பழைய சடங்கெல்லாம் இல்ல, சமீபத்துல ஆரம்பிச்ச கூத்து.

பெரணிப்பூ கதை மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணு, அதை வெச்சு மார்க் போட முடியாது. பெரணி பூக்காது, ஆனா இந்த ஒரு நடுராத்திரி பூக்கும், கையில கிடைச்சா மிருகம் மரம் பேசறது எல்லாம் புரியும், புதையல் தெரியும். லிதுவேனியால தனியா போகணும், சுத்தி வட்டம் போட்டு உக்காரணும், என்ன சத்தம் கேட்டாலும் திரும்பக்கூடாது. தொலைஞ்ச மாட்டை தேடிப்போன ஒரு விவசாயி செருப்புக்குள்ள அந்த பூ தெரியாம விழுந்துருது, திடீர்னு அவனுக்கு எல்லாமே தெரியுது, வீட்டுக்கு வந்து செருப்பை கழட்டறான், அவ்வளவுதான், பழையபடி ஆயிட்டான். இந்தக் காலத்துல ஜோடியா பெரணி தேடப் போறோம்னு காட்டுக்குள்ள போறவங்க பூவை தேடறது இல்லன்னு எல்லாருக்கும் தெரியும்.

என் தீர்ப்பு இதுதான்: லாட்வியால யாராவது வீட்டுக்கு கூப்பிட்டிருந்தா யோசிக்காம பஸ் ஏறுங்க. கூப்பிடலையா, போகவே போகாதீங்க, காலியான ரீகாவுல என்ன பண்ணுவீங்க. அழைப்பு இல்லாதவங்களுக்கு கெர்னவேதான், அங்க யார் வேணா போய் நெருப்பு பக்கத்துல நிக்கலாம். லிதுவேனியாலயே டவுன் பார்க்ல மேடை போட்டு ஸ்பீக்கர் வெச்சு நடத்தற யோனினேஸும் இருக்கு, கச்சேரி வேணும்னா அங்க போங்க, எனக்கு அது ஒத்துவராது.

கெர்னவேக்கு போறதுக்கு முன்னாடி தேதியை பாத்துக்கோங்க, நீண்ட பகல் 21ஐ ஒட்டி வர்றதால எல்லா இடத்துலயும் 23லதான் வெப்பாங்கன்னு இல்ல. வில்னியஸ் பக்கம் சூரியன் ராத்திரி பத்துக்கு மறைஞ்சு காலை அஞ்சுக்கு முன்னாடி திரும்ப வந்துரும், ஆனா அந்த ஏழு மணி நேரம் நல்லா குளிரும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க, கொசு மருந்தும் வேணும். முக்கியமா சாக்ஸ் ரெண்டு ஜோடி. ராசோஸ்னா பனித்துளின்னு சொன்னேன்ல, விடியக்காலை அந்த புல்லுல நடந்தா முழங்கால் வரைக்கும் நனைஞ்சுரும்.