காசிமேட்டுப் படகு விளக்குக்கு எந்த டிரைவர்?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் காசிமேட்டு விசைப்படகுகளுக்கு மராமத்து நேரம். விளக்கு வேலை என்னிடம் வருவதும் அப்போதுதான். "இன்ஜின் ஓட்னா கண்ணு கூசுது, நிறுத்தினா மங்கிப் போவுதுண்ணா" என்பார்கள்.

குறை எல்.ஈ.டி.யில் இல்லை. 12 வோல்ட் பேட்டரி என்று நாம் சொல்வது, டைனமோ சார்ஜ் ஏற்றும்போது 14.4 வரை போகும். இரவெல்லாம் விளக்கு எரிந்தால் விடியும்போது 11-க்கு இறங்கியிருக்கும். எல்.ஈ.டி.க்கோ கரண்ட் ஒரே அளவில் வேண்டும். அப்படிக் கொடுக்கும் சர்க்யூட்தான் டிரைவர். ஒரு வாட் வெள்ளை எல்.ஈ.டி. மூன்றைத் தொடராகப் போட்டால் 350 மில்லி ஆம்பியரில் சுமார் 9.6 வோல்ட் அதற்கே போய்விடும். மிச்ச வோல்ட்டை எது தாங்குவது?

வெறும் ரெசிஸ்டர் வேண்டாம். 12.6 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டு 8.6 ஓம் வைத்தால், இன்ஜின் ஓடும்போது கரண்ட் 500 மில்லி ஆம்பியரைத் தொடும். 14.4-க்குக் கணக்குப் போட்டாலோ, 11 வோல்ட்டில் பாதி கரண்ட்கூட வராது.

அடுத்து எல்லோரும் எடுப்பது எல்.எம் 317 என்ற ரெகுலேட்டர் ஐ.சி. ஒரு 3.6 ஓம் ரெசிஸ்டர் போதும், 350 மில்லி ஆம்பியர் நிற்கும். ஆனால் அந்த ரெசிஸ்டரில் 1.25 வோல்ட், ஐ.சி.க்குள் ஏறக்குறைய 2 வோல்ட் போகும். 9.6-உடன் கூட்டினால் கிட்டத்தட்ட 12.8. அதாவது இன்ஜின் நின்றதுமே கட்டுப்பாடு கைவிட்டுவிடும். இரண்டு எல்.ஈ.டி.யாகக் குறைத்தால் வேலை செய்யும், ஆனால் 14.4 வோல்ட்டில் வெளிச்சத்துக்குப் போவதைவிட அதிக வாட் சூடாகப் போகும்.

என் கை போவது ஒரு மாஸ்ஃபெட் (கரண்டுக்கு வால்வு மாதிரி), ஒரு பி.சி 547 டிரான்சிஸ்டர், ஒரு 1.8 ஓம் ரெசிஸ்டர் சேர்ந்த சர்க்யூட்டுக்குத்தான். ரெசிஸ்டரில் 0.65 வோல்ட் வந்ததும் டிரான்சிஸ்டர் விழித்து மாஸ்ஃபெட்டைக் கட்டுப்படுத்தும் 'கேட்' முனையை இழுத்துப் பிடிக்கும். தேவைப்படும் உபரி முக்கால் வோல்ட்தான், எனவே 10.5 வரை வெளிச்சம் மாறாது. 14.4-ல் 1.7 வாட் சூடு, ஒரு சின்ன அலுமினியத் தகடு போதும். இன்னொரு நன்மையும் உண்டு: டிரான்சிஸ்டரை எல்.ஈ.டி. தகட்டிலேயே ஒட்டினால், டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் வீதம் அந்த 0.65 குறையும். 50 டிகிரி சூடேறினால் கரண்ட் தானாகவே சுமார் 15 சதவீதம் இறங்கி எல்.ஈ.டி.யைக் காப்பாற்றும்.

சரி, வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டை இறக்கும் பி.டி 4115 போன்ற பக் டிரைவர்தானே திறமையானது என்பீர்கள். 90 சதவீதத் திறன் என்று வைத்தாலும் 12 வோல்ட்டில் அது இழுப்பது 0.31 ஆம்பியர், என் சர்க்யூட் 0.35. பத்து மணி நேரத்துக்கு மிச்சம் 0.4 ஆம்பியர் மணிதான். அதற்காக வயர்லெஸ் செட்டுக்குப் பக்கத்தில் சுவிட்சிங் இரைச்சலை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை. கடலில் அந்தக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்கு இந்த முடிவு பொருந்தாது. அது 24 வோல்ட், ஓடும்போது 28. அதே மூன்று எல்.ஈ.டி.யை என் சர்க்யூட்டில் போட்டால் 6.4 வாட் வீணாகச் சூடாகும், எல்.ஈ.டி. எடுப்பதோ 3.4 வாட்தான். அங்கே பக் டிரைவரேதான். ஆனால் பி.டி 4115-இன் எல்லை 30 வோல்ட். லாரி வயரிங்கில் திடீரென ஏறும் வோல்டேஜுக்கு அது தாங்காது. 60 வோல்ட் தாங்கும் ஐ.சி.யை எடுத்து, உள்ளே வரும் வழியில் அந்தத் திடீர் வோல்டேஜை வெட்டிவிடும் ஒரு டி.வி.எஸ். டயோடும் போடுங்கள்.